மாவோரி மக்கள்: ஒப்பந்தம் கையில இருந்தும் காணி போனது எப்படி?

மஸ்கெலியா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில உயர்தர வகுப்புக்கு வரலாறு எடுக்குறேன். போன கிழமை ஐரோப்பியர் நாடு பிடிச்ச கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தப்போ, கடைசி வாங்குல இருக்குற பையன் ஒருத்தன் எழும்பினான். ரக்பி பைத்தியம். நியூசிலாந்து ஆதிக்குடிங்களான மாவோரிங்களோட ஹக்கா ஆட்டத்தைப் பார்த்துட்டு போன்ல எதையெதையோ தேடியிருக்கான். "டீச்சர், மாவோரிங்ககூட வெள்ளைக்காரன் ஒப்பந்தம் எழுதித்தானே உள்ள வந்தான்? கையெழுத்து வச்ச காகிதம் இருந்தும் காணி எப்படிப் போச்சு?" அப்படின்னு கேட்டான்.

1840, வைதாங்கி ஒப்பந்தம், அதுக்கு மேல எனக்குத் தெரியல. வர்ற வியாழக்கிழமை சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க. பாடப் புத்தகத் தமிழ்ல வேணாம், பிள்ளைங்களுக்கு மனசுல நிக்கிற மாதிரி வேணும். இன்னொரு விஷயமும் கேக்கணும். நம்ம மலையகக் கதையையும் அவங்க கதையையும் பக்கத்துல வச்சுப் பேசுறது சரியா? அவங்க அந்த மண்ணோட ஆதிக்குடி. நம்மள இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிக்கிட்டு வந்து இறக்கினாங்க. பிள்ளைங்க நிச்சயமா இதைக் கேப்பாங்க.

அக்குறணை நானா:

டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு முதல்ல இந்த மணிக் கதையைச் சொல்லுங்க, வகுப்பே நிமிர்ந்து உக்காரும்.

1836ஆம் ஆண்டு வாக்குல வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, நியூசிலாந்து வடதீவுல மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவிச்சுக்கிட்டு இருந்த ஒரு வெண்கலச் சட்டியைப் பார்க்கிறார். கையில எடுத்துப் பார்த்தா அது சட்டி இல்ல, விளிம்பு உடைஞ்ச கப்பல் மணி. மேல சுத்தி எழுத்து. அவருக்கு அது என்ன மொழின்னே விளங்கல. அது நம்ம தமிழ்! முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணின்னு பழைய எழுத்துல வார்த்திருக்கு. இப்போ வெலிங்டன்ல தெ பாப்பா அருங்காட்சியகத்துல இருக்கு.

கப்பலோட்டின நம்ம மரைக்காயர்மாருடைய மணி அங்க எப்படிப் போய்ச் சேர்ந்துச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, அதெல்லாம் ஊகம். எனக்குப் பிடிச்சது, அந்தப் பெண்கள் அதை என்ன செஞ்சாங்க என்கிறதுதான். கடல் கொண்டுவந்து கொடுத்ததை அடுப்புல வச்சு, பிள்ளைங்களுக்குச் சோறாக்கியிருக்காங்க. அதுவும் உருளைக்கிழங்கு, அதுவே வெள்ளைக்காரன் கப்பல்ல வந்த கிழங்கு. எங்க உம்மா கேட்டிருந்தா, நல்ல கனமான வெண்கலம், அடிப்பிடிக்காதுன்னு சொல்லியிருப்பாங்க.

காணி விஷயம் தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க, நானும் காத்திருக்கேன்.

மவுஸ்ஸாக்கலைக்காரன்:

டீச்சர், நான் மவுஸ்ஸாக்கலையில பிறந்து வளர்ந்தவன். இப்போ நியூசிலாந்து வடதீவுல, தவுரங்கா நகரத்துல ஒரு முதியோர் இல்லத்துல வேலை செய்றேன். நாலு வருஷம் ஆச்சு. இங்க ஒரு மாவோரிப் பாட்டியை ரெண்டு வருஷம் நான்தான் பார்த்துக்கிட்டேன். அவங்க சொன்னதையும், அவங்க சொன்னதால நான் தேடிப் படிச்சதையும் எழுதுறேன். நீளமாத்தான் வரும்.

முதல் நாள் காலையில அவங்களுக்குத் தலைசீவப் போனேன். என் பேரைக் கேக்கல. "உன் மலை எது? உன் ஆறு எது?"ன்னு கேட்டாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிட்டுது. இந்த வயசு வரைக்கும் என்கிட்ட யாரும் அப்படிக் கேட்டது கிடையாது. நம்ம ஊர்ல 'எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனாம் நம்பர் லயம்'னுதானே கேப்பாங்க? கொஞ்சம் யோசிச்சு, சிவனொளிபாதமலை, மஸ்கெலி ஓயான்னு சொன்னேன். "எங்க பழைய டவுன் தண்ணிக்கு அடியில இருக்கு பாட்டி"ன்னும் சொன்னேன். 1969ல அணை கட்டி மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா. நல்ல வெயில் வருஷத்துல தண்ணி இறங்கினா, சேத்துக்குள்ள இருந்து கோயில் சுவர் வெளிய வரும். சின்ன வயசுல அப்பாவோட தோள்ல உக்காந்து அதைப் பார்த்திருக்கேன். பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடல.

அது அவங்க முறை. ஒரு சபையில எழும்பிப் பேசுறவர் தன் பேரைக் கடைசிலதான் சொல்லுவார். முதல்ல மலை, அப்புறம் ஆறு, அப்புறம் முன்னோர் வந்த தோணி, அப்புறம் குலம். பாட்டியோட மலை மவுஆவோ. துறைமுக வாசல்ல தனியா நிக்கிற மலை, 232 மீட்டர்தான். பேர் இல்லாத அந்த மலைக்கு புவெனுவான்னு ஒரு பெண்மலை மேல ஆசை. அவ வேற மலைக்குச் சொந்தம். மனசு உடைஞ்சு, என்னை இழுத்துக்கிட்டுப் போய்க் கடல்ல போட்டுடுங்கன்னு ராத்திரியில மட்டும் நடமாடுற வனதேவதைகள்கிட்டக் கேட்டுச்சாம். அவங்க கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க. கடலோரம் வரும்போது விடிஞ்சு போச்சு. வெளிச்சம் பட்டதும் மலை அங்கயே நின்னுட்டுது. மவுஆவோன்னா விடியல்ல பிடிபட்டதுன்னு அர்த்தம். பாட்டி இந்தக் கதையை ஜன்னல் வழியா மலையைக் காட்டிக் காட்டித்தான் சொல்லுவாங்க.

இப்போ முக்கியமான ஒண்ணு. அவங்க மொழியில நிலத்துக்கு ஃபெனுவான்னு பேர். அதே சொல்தான் நச்சுக்கொடிக்கும். பிள்ளை பிறந்ததும் கொடியைக் கொண்டுபோய்ச் சொந்த மண்ணுல புதைப்பாங்க. ஹப்பூன்னா கர்ப்பம், அதுவே குலத்தோட ஒரு கிளைக்கும் பேர். இவின்னா எலும்பு, அதுவே குலத்துக்கும் பேர். நிலம் போச்சுன்னு அவங்க சொல்லும்போது என்ன போச்சுன்னு அர்த்தம் என்கிறதை இந்தச் சொற்களை வச்சுத்தான் நான் விளங்கிக்கிட்டேன். நம்ம லயத்துலயும் மருத்துவிச்சி கொடியை எங்க புதைச்சான்னு அம்மாமாருக்குத் தெரியும், இல்லையா? கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. ஹரகேகேன்னு தாழை மாதிரி நீளமான இலைச் செடி. அதுல நார் எடுத்துத்தான் பாய், கூடை, உடுப்பு, மீன்வலை எல்லாம். இலை அறுக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. நடுக் குருத்து பிள்ளை, ரெண்டு பக்கமும் இருக்கிற இலை அம்மாவும் அப்பாவும். அந்த மூணையும் தொடவே கூடாது. வெளி இலையை மட்டும், மழைத்தண்ணி உள்ள இறங்காம சரிவா அறுக்கணும். "உங்க ஊர்ச் செடியில என்ன பறிப்பீங்க?"ன்னு பாட்டி கேட்டாங்க. நான் அவங்க சுட்டுவிரலைப் பிடிச்சு, எங்க அம்மா செய்ற மாதிரி நுனியில கிள்ளிக் காட்டினேன். ரெண்டு இலை, ஒரு மொட்டு. அவங்க முகம் மாறிப் போச்சு. "அப்போ பிள்ளையையா பறிக்கிறீங்க?"ன்னாங்க. எங்க அம்மா 34 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. நான் என்ன பதில் சொல்ல?

வரலாற்றுக்கு வர்றேன். அவங்க முன்னோர் கிழக்குப் பொலினீசியாத் தீவுகள்ல இருந்து பெரிய தோணிகள்ல, நட்சத்திரம், அலை, பறவை இதையெல்லாம் பார்த்துக் கடல் தாண்டி வந்தாங்க. இன்னைக்குச் சுமார் 700 வருஷம் முந்தி. அந்தத் தோணிகளோட பேர்ல, தைனுயி, தெ அராவா, மாதாத்துவான்னு இன்னைக்கும் குலங்களை அடையாளம் சொல்றாங்க. வெப்பத் தீவுல இருந்து கொண்டுவந்த வத்தாளங்கிழங்கு, அவங்க சொல்ற கூமரா, இந்தக் குளிர்ல அழுகிப் போகும். அதனால மண்ணுக்குள்ள குழி வெட்டி, கூரை போட்டு, விதைக்கிழங்கைப் பனிக்காலம் முழுக்கக் காப்பாத்தினாங்க. நுவரெலியாக் குளிர்ல தோட்டம் போட்டவங்களுக்கு இந்தப் பாடு விளங்கும். குன்றுகளைப் படிப்படியா வெட்டி, அகழி தோண்டி, மரவேலி அடிச்சு 'பா'ன்னு கோட்டை கட்டினாங்க. மோவா என்ற பெரிய பறக்காத பறவை இருந்துச்சு, அதை வேட்டையாடி இல்லாமலே ஆக்கிட்டாங்க. அதையும் பிள்ளைங்களுக்கு மறைக்காமச் சொல்லுங்க. மனுசன்னா எல்லாமும்தான்.

1642ல ஒல்லாந்தர் அபெல் தாஸ்மான் வந்தார். மோதல்ல அவருடைய ஆட்கள் நாலு பேர் செத்தாங்க, கரையில கால் வைக்காமலே போனார். 1769ல ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் வந்தப்போ கூட துப்பையான்னு ராயாதேயாத் தீவுப் பூசாரி ஒருத்தர் வந்தார். அவர் பேசினது மாவோரிகளுக்கு விளங்கிச்சு. பல நூறு வருஷம் பிரிஞ்சு கிடந்த சொந்தக்காரன் மொழி. மாவோரிகள்ல நிறையப் பேருக்குக் குக்கை விட துப்பையாதான் பெரிய ஆள்.

அப்புறம் திமிங்கில வேட்டைக்காரர், வியாபாரி, மிஷனரின்னு வரிசையா வந்தாங்க. ஹரகேகே நார் கப்பல் கயித்துக்குத் தேவைப்பட்டுச்சு. நாரைத் தொன் கணக்குல கொடுத்துத் துவக்கு (துப்பாக்கி) வாங்கினாங்க. 1820ல ஹொங்கி ஹிக்கா இங்கிலாந்து போய் ராஜாவைப் பார்த்துட்டு, திரும்பும்போது நூத்துக்கணக்குல துவக்கோட வந்தார். துவக்கு உள்ள குலம் இல்லாத குலத்தை அடிச்சுது. ஆயிரக்கணக்குல சனம் செத்துது. ஒப்பந்தத்துக்கு முந்தியே அந்தச் சமூகம் ரத்தம் சிந்திக் களைச்சுப் போயிருந்தது. இது தெரியாம 1840 விளங்காது.

இப்போ உங்க பையனோட கேள்வி. ஹோப்சன் என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்டன் ஆங்கிலத்துல எழுதிக்கிட்டு வந்ததை, ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் மகனும் பெப்ரவரி 4ஆம் தேதி ஒரே ராத்திரியில மாவோரி மொழிக்கு மாத்தினாங்க. 6ஆம் தேதி வைதாங்கியில நாப்பதுக்கு மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்து வச்சாங்க. சில பேர் தங்கள் முகப் பச்சைக் கோலத்தையே கையெழுத்தா வரைஞ்சாங்க. பிறகு ஊர் ஊரா எடுத்துக்கிட்டுப் போய் 500க்கு மேல சேர்த்தாங்க. அதுல ஆங்கிலக் காகிதத்துல வச்சது 39 பேர்தான். மத்த எல்லாரும் மாவோரிக் காகிதத்துல.

ஆங்கிலத்துல முழு இறைமையையும் ராணிக்குக் கொடுத்துட்டோம்னு இருந்தது. மாவோரியில காவனதங்கான்னு இருந்தது. காவனான்னா கவர்னர், அதே ஆங்கிலச் சொல்தான் அவங்க வாயில மாறினது. பைபிள்ல பொந்தியு பிலாத்துவுக்கு மிஷனரிங்க போட்ட சொல். கவர்னர் வேலையை, அதாவது நிர்வாகத்தைக் கொடுக்கிறோம்னுதான் தலைவர்களுக்கு விளங்கிச்சு. ரெண்டாம் பிரிவுல நிலம், ஊர், பொக்கிஷம் எல்லாத்து மேலயும் தினோ ரங்கதிராதங்கா, தலைவனுக்குரிய முழு அதிகாரம், உங்களுக்கேன்னு எழுதியிருந்தது. அஞ்சு வருஷம் முந்தி 1835ல அதே மிஷனரி மாவோரிக்கு மாத்திக் கொடுத்த சுதந்திரப் பிரகடனத்துல இறைமைக்கு 'மானா'ன்னு சொல் போட்டிருந்தாங்க. 1840லயும் மானான்னு போட்டிருந்தா ஒருத்தரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. எனக்கும் அப்படித்தான் படுது.

அந்த ரெண்டாம் பிரிவுக்குள்ளயே இன்னொரு கண்ணி இருந்தது. காணியை விக்கிறதா இருந்தா அரசாங்கத்துக்குத்தான் விக்கணும். போட்டிக்கு ஆள் இல்லாத சந்தையில விலை என்ன ஆகும்? 1848ல தென்தீவோட பெரும் பகுதியை 2,000 பவுணுக்கு வாங்கினாங்க. ஒதுக்கித் தர்றோம்னு சொன்ன காணியையும் ஒழுங்கா ஒதுக்கல.

ஆனா உடனேயே மாவோரிங்க நொடிஞ்சு போயிடல. 1840கள்லயும் 50கள்லயும் வைக்காத்தோப் பக்கம் கோதுமை விதைச்சு, சொந்த ஆலையில மா அரைச்சு, சொந்தக் கப்பல்ல ஏத்தி ஒக்லாந்துக்குச் சாப்பாடு போட்டதே அவங்கதான். ரங்கியாவோஃபியான்னு ஒரு ஊர், பீச் மரமும் கோதுமையுமா இருந்தது. குடியேறினவங்களுக்கு அந்த மண் மேலதான் கண். விக்க மாட்டோம்னு குலங்கள் ஒண்ணு சேர்ந்து 1858ல தங்களுக்கு ஒரு ராஜாவை வச்சாங்க. 1863 ஜூலையில படை வைக்காத்தோவுக்குள்ள நுழைஞ்சுது. 1864 பெப்ரவரியில ரங்கியாவோஃபியா எரிஞ்சுது. போர் முடிஞ்சதும் கலகக்காரங்கன்னு சொல்லிச் சட்டம் போட்டு 12 லட்சம் ஏக்கர் பறிச்சாங்க.

எங்க இல்லத்துல இருந்து பஸ்ல கொஞ்ச நேரம் போனா புகேஹினாஹினா. 1864 ஏப்ரல் 29. சுமார் 230 மாவோரிங்க, எதிர்ல 1,700 பிரித்தானியப் படை. நாள் முழுக்கப் பீரங்கி அடி. மண்ணுக்குள்ள பதுங்குகுழி வெட்டி மேல மூடியிருந்ததால சாகாமக் கிடந்து, உள்ள பாய்ஞ்ச படையை விரட்டிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி காயம்பட்டுக் கிடந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஹேனி தெ கிரி காரமு என்ற பெண் தண்ணி கொடுத்தா. அவளும் துவக்கோட சண்டையில நின்னவதான். இப்போ அந்த இடத்துல ஒரு தேவாலயம் இருக்கு. பாட்டியைச் சக்கர நாற்காலியில ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போனேன். ஜெயிச்சும் பிரயோசனமில்ல. ஜூன்ல தெ ரங்காவுல பெரிய இழப்பு, பிறகு தவுரங்கா நிலமும் பறிமுதல்.

படை எடுத்தது பாதிக் கதை. 1865ல காணி நீதிமன்றம் வந்தது, அது படை போகாத இடத்துக்கும் போச்சு. ஒரு குலம் முழுக்கப் பொதுவா வச்சிருந்த காணிக்கு, பத்துப் பேருக்கு மிஞ்சாம உரிமையாளர்னு எழுதினாங்க. அந்தப் பத்துப் பேர் வித்தா நூறு குடும்பத்துக் காணி போச்சு. வழக்கு தூர டவுன்ல நடக்கும். வாரக்கணக்குல கூடாரம் போட்டுக் கிடக்கணும், வராதவங்க பேர் ஏறாது. அளந்த கூலி கடன், வழக்கறிஞர் கடன், கடையில மா வாங்கின கடன். கடைசில காணியை வித்துத்தான் கடன் தீரும். நம்ம பாட்டன்மாரைத் துண்டு முறையில கட்டிப்போட்ட கதை ஞாபகம் வருதா? கங்காணி கையில ஒரு சீட்டு, அதுல கடன் தொகை, அதைக் கட்டுற தோட்டத்துக்குத்தான் ஆள். 1921ல அதை ஒழிச்சாங்க. அவங்களுக்குக் கடன் காணி மேல ஏறிச்சு, நமக்கு ஆள் மேல ஏறிச்சு.

காகிதம் இருந்தும் எப்படிப் போச்சுன்னு கேட்டான்ல உங்க பையன்? காகிதம் வழியாத்தான் போச்சுன்னு சொல்லுங்க. நெடுக அளவுக்கோல், பதிவேடு, கடன் சீட்டு.

மஸ்கெலியா டீச்சர்:

தம்பி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன். பிள்ளையைப் பறிக்கிற அந்த இடம். எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்.

நம்ம கதையோட ஒப்பிடலாமா என்கிற கேள்விக்கு யாராவது சொல்லுங்க.

பதுளை வாசகர்:

டீச்சர், நான் ஓய்வு பெற்ற நூலக ஊழியர். ஒப்பிடுறது பத்தி என் அபிப்பிராயம் பிறகு. முதல்ல ரெண்டு நாட்டையும் நேராத் தொடுற ரெண்டு விஷயம் சொல்றேன்.

அதே 1840லதான் இலங்கையில 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிர் வைக்காத நிலம் எல்லாம் வேற மாதிரி நிரூபிக்கும்வரை முடிக்குரியதுன்னு கருதப்படும்னு சொன்ன சட்டம். கண்டிச் சிங்களக் கிராமத்தவங்க சேனைப் பயிர் செஞ்ச, மாடு மேய்ச்ச, விறகு எடுத்த நிலமெல்லாம் அப்படித்தான் கோப்பித் தோட்டமாச்சு. அந்தத் தோட்டத்துக்குத்தான் நம்ம ஆட்களை நடத்திக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. ஒரே வருஷம், ஒரே சாம்ராஜ்ஜியம். அங்க ஒப்பந்தம், இங்க கட்டளைச் சட்டம். இதைச் சொல்லாம ஒப்பிட்டா, மாவோரி இடத்துல நம்மளை மட்டும் வச்சுப் பார்க்கிற பிழை வந்துடும். மலைநாட்டுல காணி இழந்தது முதல்ல கண்டிக் குடியானவன். உழைப்பைப் பறிகொடுத்தது நாம. பிள்ளைங்களுக்கு ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க டீச்சர், தயவுசெய்து.

ரெண்டாவது, ஆர்தர் கோர்டன். கொழும்புக் கோட்டையில கோர்டன் பூங்கான்னு இருக்கே, அவர் பேர்தான். 1883ல இருந்து 1890 வரைக்கும் இங்க தேசாதிபதி. அவர் காலத்துல, 1885ல, ரயில் நானுஓயா வரைக்கும் ஏறிச்சு. அதுக்கு முந்தி அவர் ஃபிஜியில. ஃபிஜிக் குடிகளோட காணியை விக்க விடாமக் காப்பாத்தினார், நல்லது. ஆனா கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும்னு இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவர ஏற்பாடு செஞ்சதும் அவர்தான். 1879ல லியோனிடாஸ் கப்பல்ல முதல் தொகுதி வந்து இறங்கிச்சு. ஒரு சனத்தோட மண்ணைக் காப்பாத்த இன்னொரு சனத்தை மண்ணுல இருந்து பிடுங்கினாங்க.

ஃபிஜிக்கும் இலங்கைக்கும் நடுவுல, 1880ல இருந்து 82 வரைக்கும், அவர் நியூசிலாந்துக் கவர்னர். அப்போ வடதீவுல தாரனாக்கிங்கிற பக்கம் பரிஹாகான்னு ஒரு மாவோரி ஊர். தெ விட்டி, தோஹு காகாஹின்னு ரெண்டு பெரியவங்க. பறிச்ச நிலத்தை அளக்க வந்தப்போ துவக்கைத் தூக்கல. 1879ல கலப்பையைக் கொண்டுபோய், குடியேறினவங்க புல்வெளியில உழுதாங்க. பிடிச்சுக்கிட்டுப் போனா அடுத்த நாள் வேற ஆள் உழுவான். விசாரணை இல்லாம நூத்துக்கணக்கான பேரைத் தென்தீவுச் சிறைகளுக்கு அனுப்பினாங்க. கோர்டனுக்கு அரசாங்கம் செய்றது பிடிக்கல. அவர் 1881ல ஃபிஜிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருக்குப் பதிலா இருந்த பிரதம நீதியரசர் ஒக்டோபர் 19 ராத்திரி படையெடுப்புக்கான அறிவித்தல்ல கையெழுத்து வச்சார். அதே ராத்திரிதான் கோர்டன் திரும்பி வந்து இறங்கினார். அறிவித்தல் வெளியாயிட்டுது.

நவம்பர் 5, காலையில சுமார் 1,600 பேர் கொண்ட படை ஊருக்குள்ள போச்சு. வாசல்ல சின்னப் பிள்ளைங்க பாடிக்கிட்டும் கயிறு தாண்டிக்கிட்டும் நின்னாங்க. பெண்கள் சிப்பாய்ங்களுக்குன்னு சுட்ட ரொட்டியோட வந்தாங்க. பெரியவங்க ரெண்டாயிரம் பேருக்கு மேல தரையில சும்மா உக்காந்திருந்தாங்க. ரெண்டு தலைவர்களையும் பிடிச்சு, 1883 வரைக்கும் விசாரணை இல்லாமலே வச்சிருந்தாங்க. வீடுகளை இடிச்சாங்க, பயிரை அழிச்சாங்க. காந்தி அப்போ பன்னிரண்டு வயசுப் பையன்.

மவுஸ்ஸாக்கலைக்காரன்:

ஐயா, கோர்டன் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. பரிஹாகா பத்திப் பாட்டி பேச ஆரம்பிச்சா அழுதுடுவாங்க, அதனால நான் அதை எழுதல. 2017ல அரசாங்கம் அந்த ஊருக்கே வந்து மன்னிப்புக் கேட்டுது.

ஒப்பிடுறதுல ஐயா சொன்னது சரி. நாம அவங்க இல்ல. அவங்க 'மண்ணின் மக்கள்'னு சொல்லும்போது அந்தச் சொல்லுக்குப் பின்னால ஏழு நூறு வருஷம் இருக்கு. நான் இந்த நாட்டுல இருக்கிறதே அந்த ஒப்பந்தத்தால வந்த அரசாங்கம் கொடுத்த விசாவுல. அதை மறந்துட்டு 'நாங்களும் உங்களைப் போலத்தான்'னு அவங்ககிட்டப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா போனதைத் திருப்பிக் கேக்கிற விதத்தை அவங்ககிட்டக் கத்துக்கலாம். அதைச் சுருக்கமாச் சொல்றேன்.

1896ல மாவோரிங்க எண்ணிக்கை சுமார் 42,000க்கு இறங்கிடுச்சு. அழிஞ்சு போற இனம்னு பத்திரிகையில எழுதினாங்க. அழியல. 1975ல, எண்பது வயசை நெருங்கின ஃபினா கூப்பர், பேத்தி கையைப் பிடிச்சுக்கிட்டு வடமுனை தெ ஹாபுவாவுல இருந்து நடக்க ஆரம்பிச்சாங்க. செப்டம்பர் 14. இனி ஒரு ஏக்கர்கூடக் கிடையாதுன்னு சொல்லி ஒரு மாசம், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நடந்து, ஒக்டோபர் 13ல வெலிங்டன் பாராளுமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தாங்க. 2023ல மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நம்மாட்கள் நடந்தாங்களே, அந்த வீடியோவைப் பாட்டிக்குக் காட்டினேன். "செருப்பு நல்லதாப் போட்டிருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. அவங்களும் 75ல கொஞ்ச தூரம் நடந்தவங்க.

அதே 1975ல வைதாங்கி நியாயசபை வந்தது. ஆரம்பத்துல புதுக் குறைகளை மட்டும்தான் கேக்க முடிஞ்சுது. 1985ல 1840 வரைக்கும் பின்னால போய்க் கேக்கலாம்னு மாத்தினாங்க. கிழவங்க, கிழவிங்க வந்து மலை பேர், ஆறு பேர், மீன் பிடிச்ச பாறையோட பேர் சொல்லிச் சாட்சி சொன்னாங்க. 1995ல வைக்காத்தோ மக்களுக்கு 17 கோடி டொலர், கொஞ்சக் காணி, மன்னிப்பு. அந்தச் சட்டத்துல எலிசபெத் ராணி நேர்ல கையெழுத்து வச்சாங்க. போன காணியோட பெறுமதிக்கு அது எந்த மூலைக்கு? ஆனா மன்னிப்பை எழுத்துல வாங்கினாங்க. 2008ல பாட்டியோட மலை மவுஆவோவைத் தவுரங்காவோட மூணு குலத்துக்கும் திருப்பிக் கொடுத்தாங்க. 2017ல வங்கனூயி ஆறு சட்டப்படி ஒரு ஆளாவே ஆச்சு.

மொழியும் அப்படித்தான். பாடசாலையில மாவோரி பேசினதுக்குப் பாட்டிக்குப் பிரம்படி விழுந்திருக்கு. உள்ளங்கையைக் காட்டுவாங்க. அதனாலயே தன் பிள்ளைங்களுக்கு அவங்க மாவோரி சொல்லிக் கொடுக்கல. 1982ல 'மொழிக்கூடு'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. நம்ம பிள்ளைக் காம்பரா மாதிரி இடம். அம்மாமார் வேலைக்குப் போயிடுவாங்க, கிழவிங்க கைக்குழந்தைங்களுக்கு மாவோரியிலயே பேசி, பாடி, சோறூட்டுவாங்க. பேரப் பிள்ளை பேசும், நடுவுல இருக்கிற மகளுக்கு விளங்காது. 1987ல மாவோரி அரச கரும மொழியாச்சு. பாட்டியோட கொள்ளுப்பேத்தி வந்தா ரெண்டு பேரும் வேகவேகமாப் பேசிக்குவாங்க, நான் தண்ணிக் கிளாஸோட நின்னு பார்த்துக்கிட்டிருப்பேன்.

பாட்டி போன ஓகஸ்ட்ல தவறிட்டாங்க. மூணு நாள் அவங்க குலத்துச் சபைக்கூடத்துல வச்சிருந்தாங்க, பெட்டியை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடல. என்னையும் கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க. சிவனொளிபாதமலை, மஸ்கெலி ஓயான்னுதான் ஆரம்பிச்சேன்.

அக்குறணை நானா:

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தம்பி, அந்தம்மாவுக்காக துஆ செய்றேன்.

டீச்சர், வியாழக்கிழமை பாடம் எப்படிப் போச்சுன்னு கட்டாயம் எழுதுங்க.

மஸ்கெலியா டீச்சர்:

எழுதச் சொன்னீங்கல்ல, இதோ.

ரெண்டு பாடவேளை எடுத்தேன். முதல் கேள்வியா உன் மலை எது, ஆறு எதுன்னு கேட்டேன். முதல்ல எல்லாரும் தோட்டப் பேரும் டிவிசனும்தான் சொன்னாங்க. பிறகு ஒரு பிள்ளை, எங்க டிவிசன்ல ஆறு இல்ல டீச்சர், பீலித் தண்ணிதான்னா. அப்போ உன் ஆறு அந்தப் பீலின்னேன். அது எங்க இருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னா. அவளும் ரக்பிப் பையனும் இன்னும் நாலு பேரும் சனிக்கிழமை ஏறிப் பார்க்கப் போறாங்களாம். அட்டை கடிக்கும், சவுக்காரம் கொண்டு போங்கன்னு சொல்லியிருக்கேன்.

காவனதங்கா, மானா ரெண்டையும் பலகையில எழுதி, எதுக்குக் கையெழுத்து வைப்பீங்கன்னு கேட்டேன். அதுல அரை மணித்தியாலம் போச்சு. ஐயா சொன்ன 1840 கட்டளைச் சட்டத்தையும் சொன்னேன். எங்க வகுப்புல மூணு சிங்களப் பெயர்க்காரப் பிள்ளைங்க, அம்மா தமிழ், அப்பா கீழ்க் கிராமம். அதுல ஒருத்தன் எங்க சீயாவும் (தாத்தாவும்) இதையேதான் சொல்லுவார்னான்.

ராத்திரி வீட்டுக்கு வந்து எங்க அம்மாகிட்ட, என் கொடியை எங்கம்மா புதைச்சாங்கன்னு கேட்டேன். அம்மாவுக்கு 71 வயசு, கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. அப்புறம் சொன்னாங்க. மூணாம் நம்பர் லயத்துக்குப் பின்னால, தொங்கல் காம்பராவோட கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல, அப்பா ஒரு முழம் ஆழம் வெட்டி, நாய் தோண்டாம மேல அம்மிக்கல்லை வச்சாராம். என்னோடது, தம்பியோடது, பிறந்து மூணாம் நாள் போன ஒரு தங்கச்சியோடது, மூணும் அங்கதானாம். இப்போ அந்த இடத்துல தண்ணித் தாங்கி கட்டியிருக்காங்க. நாளைக்குக் காலையில அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போறேன்.